ஸ்லீப் டிராக்கர் கட்டித் தூங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலையில் கண் விழித்ததும் போனை எடுத்து, ராத்திரி எப்படித் தூங்கினோம் என்று ஸ்லீப் டிராக்கரின், அதாவது தூக்கத்தைக் கணக்கிடும் வாட்ச் அல்லது கைப்பட்டையின், ஆப்பில் பார்ப்பது பலருக்குப் பழக்கமாகிவிட்டது. ஸ்கோர் 85 என்றால் உற்சாகம். 62 என்றால் படுக்கையை விட்டு இறங்கும்போதே அலுப்பு. உடம்பு என்ன சொல்கிறது என்று கேட்பதற்குள் ஆப் தீர்ப்பு சொல்லிவிடுகிறது. தவறுகளிலேயே பெரியது இதுதான் என்பேன்.

ஏனென்றால் அந்த எண் நம் பகல்பொழுதை உண்மையிலேயே மாற்றக்கூடியது. அமெரிக்காவின் கொலராடோ கல்லூரியில் நடந்து 2014இல் வெளியான ஓர் ஆய்வில், மாணவர்களிடம் அவர்களுடைய கனவுநிலை உறக்கத்தின் அளவு என்று ஒரு பொய்யான எண்ணைச் சொன்னார்கள். பிறகு சிந்தனைத் திறனைச் சோதித்தார்கள். அளவு குறைவு என்று கேள்விப்பட்டவர்கள் சோதனையிலும் பின்தங்கினார்கள். எனவே எழுந்த உடனே ஆப்பைத் திறக்க வேண்டாம். குளித்து, சாப்பிட்டு, தெளிவாக இருக்கிறோமா என்று நாமே முடிவு செய்த பிறகு பார்த்தால் போதும். வாரத்துக்கு ஒரு முறை பார்த்தால் இன்னும் நல்லது.

அடுத்தது, வாட்ச் எதை அளக்கிறது என்று தெரியாமல் நம்புவது. தூக்க ஆய்வகத்தில் தலையில் மின்முனைகளை ஒட்டி மூளை அலைகளைப் பதிவு செய்வார்கள். கண் அசைவு, தாடைத் தசை, மூச்சு, ரத்தத்தில் ஆக்சிஜன் எல்லாம் கூடவே பதிவாகும். பிறகு ராத்திரி முழுவதையும் 30 விநாடித் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எந்த நிலை உறக்கம் என்று குறிப்பார்கள். மணிக்கட்டில் இருக்கும் கருவிக்கு மூளை எட்டாது. கையின் அசைவையும், தோலுக்குள் ஒளி பாய்ச்சி நாடித்துடிப்பையும் பார்த்து, இது ஆழ்ந்த உறக்கமாக இருக்கலாம் என்று ஊகிக்கிறது.

நடு ராத்திரியில் விழிப்பு வருகிறது. பக்கத்தில் படுத்திருப்பவர் எழுந்துவிடக் கூடாது என்று அசையாமல், இருட்டில் கண்ணைத் திறந்தபடி முக்கால் மணி நேரம் கிடக்கிறீர்கள். அதையும் தூக்கக் கணக்கிலேயே வாட்ச் சேர்த்துவிடக்கூடும். தூக்கத்தைக் கண்டுபிடிப்பதில் இந்தக் கருவிகள் பரவாயில்லை. அசையாத விழிப்பைப் பிடிப்பதில்தான் கோட்டைவிடுகின்றன. தூக்கமின்மையால் தவிப்பவர்களுக்கே கணக்கு அதிகம் பிசகும் என்பதுதான் வருத்தம்.

அப்படியானால் எதை நம்பலாம்? எத்தனை மணிக்குப் படுத்தோம், எத்தனை மணிக்கு எழுந்தோம், விடுமுறை நாளில் எவ்வளவு தள்ளிப் போகிறது என்பதையெல்லாம் வாரக்கணக்கில் பார்க்க டிராக்கர் நன்றாகவே உதவும். 7 மணி நேரத்துக்கும் குறைவாகவே தூங்குகிறோம் என்பது பலருக்கு அதில்தான் முதலில் உறைக்கிறது.

ஆழ்ந்த உறக்கத்தைக் கூட்டியே தீருவேன் என்று துரத்துவது இன்னொரு தவறு. அது வயது ஏற ஏற இயல்பாகவே குறையும்; ராத்திரியின் முற்பகுதியில்தான் அதிகம் வரும். எண்ணை ஏற்றுவதற்காகக் கூடுதலாக இரண்டு மணி நேரம் படுக்கையில் கிடந்தால், தூக்கம் இன்னும் மேலோட்டமாகி அடிக்கடி கலையும். இப்படிக் கருவியின் எண்ணுக்காகத் தவிப்பதற்கு, 2017இல் கெல்லி பேரன் (Kelly Baron) என்ற உளவியலாளரும் சக ஆய்வாளர்களும் ஆர்த்தோசோம்னியா என்று பெயர் வைத்தார்கள். அவர்களிடம் வந்த ஒருவருக்கு ஆய்வகப் பரிசோதனையில் ஆழ்ந்த உறக்கம் பதிவாகியிருந்தது. அப்படியும், பிறகு ஏன் என் கைப்பட்டை மோசம் என்கிறது என்றே அவர் கேட்டார்.

இந்தக் கவலை உங்களுக்கும் இருந்தால், இரண்டு வாரம் வாட்சைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். தூக்கம் வந்த பிறகு படுங்கள். எழும் நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள். வாரத்தில் மூன்று ராத்திரியாவது தூக்கம் கெட்டு, அது மூன்று மாதமாகத் தொடர்ந்தால் டாக்டரிடம் போக வேண்டும். அதற்கு முதல் சிகிச்சை மாத்திரை இல்லை, தூக்கத்தைக் கெடுக்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றுவிக்கும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சைதான் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் 2016இலேயே பரிந்துரைத்திருக்கிறது.

அப்புறம், உங்கள் எண்ணை வேறொருவர் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். ஒவ்வொரு நிறுவனத்தின் கணக்கும் வேறு.

ஆப்பின் எண்ணைப் பார்த்துக் கவலைப்படுவதற்கு நேர்மாறான தவறு ஆபத்தானது: ஆப் எல்லாம் நார்மல் என்று காட்டுவதால் அறிகுறிகளை ஒதுக்கித்தள்ளுவது. பலத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று திணறுவது, காலைத் தலைவலி, வண்டி ஓட்டும்போது கண் சொக்குவது எல்லாம் ஸ்லீப் ஆப்னியாவாக, அதாவது தூக்கத்தில் மூச்சு அடிக்கடி தடைபடும் நோயாக, இருக்கலாம். சாம்சங், ஆப்பிள் வாட்சுகளில் இதற்கான எச்சரிக்கை வசதிக்கு அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான எஃப்டிஏ 2024இல் அனுமதி கொடுத்தது உண்மைதான். ஆனால் அது எச்சரிக்கை மட்டுமே, நோயறிதல் ஆகாது. எச்சரிக்கை வரவில்லை என்பதற்காக நோய் இல்லை என்றும் ஆகாது. பரிசோதனைக்குப் போகும்போது ஆப்பில் இருக்கும் ஒரு மாதத்துப் படுக்கை நேரப் பதிவையும், வீட்டில் யாராவது எடுத்த குறட்டை வீடியோவையும் டாக்டரிடம் காட்டுங்கள்.