மூன்று நிமிட பிளிட்ஸில் நேரத்தால் தோற்காமல் ஆடுவது எப்படி

ஒரு செஸ் கிராண்ட்மாஸ்டர் ஆன்லைனில் பிளிட்ஸ் (ஆளுக்குச் சில நிமிடமே உள்ள வேக ஆட்டம்) ஆடுவதைப் பார்க்கும்போது, ஓர் ஆட்டம் முழுக்க அவருடைய கடிகாரத்தை மட்டும் கவனியுங்கள். 10 மூவ் முடிந்திருக்கும். 3 நிமிடத்தில் பெரும்பகுதி அப்படியே மீதமிருக்கும். அதன்பிறகு 2 வினாடி, 3 வினாடி, மறுபடி 2 வினாடி. எங்கோ ஓரிடத்தில் மட்டும் 15, 20 வினாடி நின்று யோசிப்பார். நாமோ ஏழாவது மூவிலேயே மந்திரியை எந்தக் கட்டத்தில் வைப்பது என்று 12 வினாடி செலவழிப்போம். கடைசியில் ஒரு யானை கூடுதலாகக் கையில் இருந்தும் டைம் அவுட். பிளிட்ஸில் முன்னேற நினைப்பவர் முதலில் அடைக்க வேண்டிய ஓட்டை இதுதான்.

மேக்னஸ் கார்ல்சன் லிச்செஸ் தளத்தில் டாக்டர்நிக்டெர்ஸ்டைன் என்ற பெயரில் ஆடிய ஆட்டங்கள் இன்றும் திறந்தே கிடக்கின்றன. ஏதாவது ஓர் ஆட்டத்தின் அலசல் பக்கத்தைத் திறந்தால், ஒவ்வொரு மூவுக்கும் எடுத்த நேரம் பட்டை வரைபடமாக வரும். அதன் பக்கத்திலேயே உங்கள் ஆட்டம் ஒன்றின் வரைபடத்தையும் வைத்துப் பாருங்கள். எங்கே நேரம் கரைகிறது என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும்.

எந்த நேர அளவு?

3+0 என்றால் ஆளுக்கு 180 வினாடி. ஆட்டம் 60 மூவ் போனால் மூவுக்கு 3 வினாடிதான். 3+2 என்றால் ஒவ்வொரு மூவுக்கும் 2 வினாடி கூடும், அதே 60 மூவுக்கு இன்னொரு 120 வினாடி சேர்கிறது. மூவுக்கு 5 வினாடி. உலக பிளிட்ஸ் சாம்பியன்ஷிப் ஆடப்படுவதும் 3+2இல்தான். கற்றுக்கொள்வதற்கு 3+2 நல்லது, ஜெயித்த எண்ட்கேமை (சில காய்களே மிஞ்சிய கடைசிக் கட்டத்தை) ஜெயித்தே முடிக்க இடம் தரும். 3+0 பிடித்திருந்தால் அதையே ஆடுங்கள், ஆனால் ஒரே நாளில் 1+0, 3+0, 5+0 என்று தாவாதீர்கள். கைக்கும் மனசுக்கும் ஒரு தாளம் பழக வேண்டும், தாவினால் பழகாது.

180 வினாடியைப் பிரிப்பது

3+0இல் ஒரு நல்ல கணக்கு: முதல் 10 மூவுக்கு 20 வினாடி, 11 முதல் 25 வரை 100 வினாடி, மீதி 60 வினாடி கடைசிக்கு. அதாவது பத்தாவது மூவில் கடிகாரம் 2:40 காட்ட வேண்டும், இருபத்தைந்தாவதில் 1:00. இந்த இரண்டு இடத்திலும் கண் தானாகக் கடிகாரத்துக்குப் போகும் அளவுக்குப் பழகுங்கள். நடுவில் அடிக்கடி பார்ப்பதால் பதற்றம்தான் கூடும்.

நடுப்பகுதியின் 100 வினாடியில் ஒரே ஒரு நீண்ட யோசனைக்கு இடம் உண்டு, 20 வினாடி வரை. அதை எங்கே செலவழிப்பது என்பதில்தான் கிராண்ட்மாஸ்டருக்கும் நமக்கும் பெரிய வித்தியாசம். சிப்பாய் அமைப்பு மாறப் போகும்போது, ராணிகள் வெட்டுப்படப் போகும்போது, ஒரு காயைப் பலி கொடுக்கும்போது யோசியுங்கள். இந்த மூன்றும் திரும்பி வர முடியாத பாதைகள். யானையை டி1இல் வைப்பதா இ1இல் வைப்பதா என்பது அப்படிப்பட்டதல்ல. 5 வினாடிக்குப் பிறகும் இரண்டு மூவ் சமமாகத் தெரிந்தால், முதலில் தோன்றியதை ஆடிவிடுங்கள். சமமாகத் தெரிகிறது என்றாலே எதை ஆடினாலும் பெரிய நஷ்டமில்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம்.

எதிராளி யோசிக்கும் நேரமும் உங்களுடையதுதான். அவருடைய மூவைக் கணிக்க முயல்வதைவிட, உங்கள் காய்களில் எதற்குக் காவல் இல்லை என்று பாருங்கள். பிளிட்ஸில் காய் போவது ஆழமான திட்டத்தால் அல்ல. காவலில்லாத இரண்டு காய்களை ஒரு குதிரையோ ராணியோ ஒன்றாகக் குறிவைப்பதால்தான். உங்கள் முறை வந்ததும் செக் இருக்கிறதா, வெட்டு இருக்கிறதா, ஏதாவது காவலில்லாமல் தொங்குகிறதா என்று ஒரே பார்வை. ஒரு வினாடிக்கு மேல் ஆகாது. நேர நெருக்கடியிலும் இதை மட்டும் விடக்கூடாது.

ஓப்பனிங்

வெள்ளைக்கு ஒன்று, கறுப்புக்கு இரண்டு: இ4க்கு ஒன்று, டி4க்கு ஒன்று. அவ்வளவு போதும். லண்டன், காரோ-கான், ஸ்லாவ் போல அமைப்பு மாறாமல் வருபவை பிளிட்ஸுக்குத் தோதானவை. அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் ஹிகாரு நாகமுரா ஆன்லைனில் 1.பி3 நிறைய ஆடியிருக்கிறார். அது உலகின் சிறந்த முதல் மூவ் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் எதிராளி மூன்றாவது மூவிலேயே சொந்தமாக யோசிக்க வேண்டிவரும். அவருக்கு 8 வினாடி செலவு, உங்களுக்கு 1 வினாடி.

ப்ரீமூவ் எப்போது, எப்போது கூடாது

எதிராளி ஆடும் முன்பே உங்கள் அடுத்த மூவைப் போட்டு வைப்பதுதான் ப்ரீமூவ். செஸ்.காமில் ஒவ்வொரு ப்ரீமூவுக்கும் 0.1 வினாடி கழியும். வரிசையாகப் பல ப்ரீமூவ் போட்டு வைக்கலாம். லிச்செஸில் நேரமே கழியாது, ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றுதான்.

ஆபத்தே இல்லாத ப்ரீமூவ் ஒன்று இருக்கிறது: திருப்பி வெட்டுவது. உங்கள் சி3 குதிரைக்கு பி2 சிப்பாய் காவல் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிராளி அந்தக் குதிரையை வெட்டப் போகிறார் என்று தோன்றினால், சிப்பாயை உங்கள் குதிரை நிற்கும் சி3 கட்டத்துக்கே ப்ரீமூவ் போடுங்கள். அவர் வெட்டினால் உடனே திருப்பி வெட்டிவிடும். வெட்டாவிட்டால், சொந்தக் காய் நிற்கும் கட்டத்துக்குப் போக முடியாது என்பதால் ப்ரீமூவ் தானாக ரத்தாகும். இதைப் பழகினாலே ஓர் ஆட்டத்தில் கணிசமான வினாடிகள் மிச்சமாகும்.

ஆபத்தானது ஓப்பனிங் ப்ரீமூவ். லண்டன் ஆடுபவர் 1.டி4 ஆடிவிட்டு மந்திரியை எஃப்4க்கு ப்ரீமூவ் போடுகிறார். கறுப்பு 1...இ5 ஆடினால், மந்திரி நேராகப் போய் அந்தச் சிப்பாயின் வாயில் உட்காரும். 1...ஜி5 ஆடினாலும் அதே கதி. கறுப்புக்கும் இப்படி ஒரு குழி உண்டு: 1.பி3க்கு 1...ஜி6 ஆடிவிட்டு மந்திரியை ஜி7க்கு ப்ரீமூவ் போட்டால், வெள்ளை 2.மந்திரி பி2 வைத்தவுடன் கதை முடிந்தது. நீண்ட மூலைவிட்டத்தில் முதலில் ஜி7 மந்திரி விழும், அடுத்து எச்8 யானை. எதிராளியின் முதல் மூவைக் கண்ணால் பார்த்த பிறகே இரண்டாவதைத் தொடுங்கள்.

எதிராளிக்கு 10 வினாடிதான் இருக்கிறது என்றால்

இந்த இடத்தில் பலரும் செக் மேல் செக் கொடுப்பார்கள். ஒரே பதில் உள்ள செக்குக்கு அவர் யோசிக்கவே வேண்டாம், கை தானாகப் பதில் சொல்லும். அவருக்கு உதவி செய்கிறீர்கள். அமைதியாக ஒரு காயை நகர்த்தி இரண்டு மிரட்டல்களை ஒன்றாக வையுங்கள். அங்கேதான் அவர் 4 வினாடி உறைந்து போவார். நேரம் குறைவாக இருப்பது உங்களுக்கு என்றால் இதைத் தலைகீழாகச் செய்யுங்கள்: காய்களை மாற்றிக்கொள்ளுங்கள், ராஜாவைப் பத்திரப்படுத்துங்கள், செக் கொடுத்து அவரைக் கட்டாயப் பதில்களுக்குள்ளேயே வைத்திருங்கள்.

நேரம் முடிந்தால் என்ன ஆகும் என்பது தளத்துக்குத் தளம் மாறும். எதிராளியிடம் ராஜாவும் ஒரு குதிரையும் மட்டும், உங்களிடம் ராஜாவும் சிப்பாயும் இருக்கும்போது உங்கள் நேரம் தீர்ந்தால் செஸ்.காமில் டிரா. லிச்செஸில் தோல்வி, ஏனென்றால் அந்தக் குதிரையை வைத்து எப்படியாவது மேட் ஆக வழி இருக்கிறதா என்று மட்டுமே அங்கே பார்ப்பார்கள். அதேபோல ஒரே நிலை மூன்று முறை வந்தால் செஸ்.காமில் தானாக டிரா ஆகிவிடும். லிச்செஸில் நீங்கள் கோர வேண்டும், அல்லது தானாகக் கோரும்படி அமைப்புகளில் முன்பே சொல்லி வைக்க வேண்டும்.

எண்ட்கேமைக் கைக்குக் கற்றுக்கொடுங்கள்

ராணியும் ராஜாவும் தனி ராஜாவை எந்த நிலையிலிருந்தும் 10 மூவுக்குள் மேட் செய்யலாம். யானை என்றால் 16 மூவ். இது தெரிந்திருந்தால் போதாது. போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து, ராணி மேட்டை 15 வினாடிக்குள் முடிக்கும்வரை கணினியோடு திரும்பத் திரும்ப ஆடுங்கள். எல்லோரும் பயன்படுத்தும் உத்தி, எதிரி ராஜாவிடமிருந்து குதிரைத் தாவல் தூரத்தில் ராணியை வைத்து அவரை ஓரத்துக்குத் தள்ளுவது. அதே உத்திதான் மூலையில் கவிழ்க்கும்: கறுப்பு ராஜா ஏ8இல் தனியாக நிற்க, உங்கள் ராணி பி6க்கு வந்தால் ஸ்டேல்மேட்: செக் இல்லை, அவருக்கு நகரவும் இடமில்லை, ஆட்டம் டிரா. ராஜா ஓரத்துக்கு வந்ததும் ராணியின் தொடரலை நிறுத்திவிட்டு உங்கள் ராஜாவை நடத்தி வாருங்கள். இந்த இடத்தில் ப்ரீமூவ் கூடவே கூடாது.

கருவி, அமைப்புகள்

போனைவிட மவுஸ் நல்லது. விரல் பக்கத்துக் கட்டத்தில் படுவது குறையும். காய் நகரும் அனிமேஷனை அணைத்துவிடுங்கள். கடைசி வரிசையை எட்டிய சிப்பாய் தானாக ராணியாக மாறும் வசதியை இயக்குங்கள். இணைப்பு தடுமாறினால் தளம் ஓரளவுக்குத்தான் ஈடு கொடுக்கும், ஆகவே முடிந்தால் கேபிள் இணைப்பு.

எப்போது நிறுத்துவது, பிறகு என்ன செய்வது

விஸ்வநாதன் ஆனந்த் சிறுவனாக இருந்தபோது பிளிட்ஸ் ஆடிப் பழகிய சென்னை தால் செஸ் கிளப்பில், ஜெயித்தவர் பலகையிலேயே இருப்பார்; தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். அந்தக் காத்திருப்பில் மனம் ஆறும். ஆன்லைனில் தோற்ற கணமே மறு ஆட்டப் பொத்தான் எதிரில் நிற்கிறது, அழுத்தினால் கோபத்தோடு ஆடுவோம். ஆகவே வரிசையை நீங்களே உண்டாக்கிக்கொள்ளுங்கள்: தொடர்ந்து 2 ஆட்டம் தோற்றால் 10 நிமிடம் எழுந்து நடங்கள், ஒரு நாளைக்கு 12 ஆட்டத்துக்கு மேல் வேண்டாம்.

ஆடிய நேரத்தில் பாதியையாவது அலசலுக்கு ஒதுக்குங்கள். முதலில் இன்ஜினை (மூவ்களை மதிப்பிடும் கணினி நிரலை) திறக்காமல், 10 வினாடிக்கு மேல் எடுத்த மூவ்களை மட்டும் ஒரு நோட்டில் எழுதுங்கள்: மூவ் எண், எடுத்த வினாடி, எதை முடிவு செய்யத் தவித்தேன். 20 ஆட்டத்துக்குப் பிறகு அந்த மூன்றாவது பத்தியைப் படித்தால் ஒரே வகைத் தவிப்பு திரும்பத் திரும்ப வந்திருக்கும். ஓப்பனிங்கின் எட்டாவது மூவ் என்றால் அந்த வரிசையை ஒருமுறை உட்கார்ந்து படித்தால் தீர்ந்தது. வெட்டுவதா விடுவதா என்ற தவிப்பு என்றால், லிச்செஸின் பசில் ஸ்டார்ம் என்ற வேகப் புதிர்ப் பயிற்சியைத் தினமும் 3 தடவை ஆடுங்கள். ஒரு தடவை 3 நிமிடம். தப்பாக ஆடினால் 10 வினாடி கழியும். ஆகவே வேகமும் நிதானமும் சேர்ந்தே பழகும். அடுத்த 20 ஆட்டத்துக்குப் புதுப் பக்கம் திருப்பி, அதே மூன்று பத்திகளைப் போடுங்கள்.