எஸ்யூவி வாங்கிவிட்டால் லாரிக்குப் பயமில்லையா?

“வண்டி வெயிட்டா இருந்தா ஹைவேயில் பயமில்லை” என்று நம்பித்தான் பலர் பெரிய காருக்கு மாறுகிறார்கள். இன்னொரு காரோடு மோதினால் அதில் உண்மை உண்டு. லோடு லாரியிடம் அந்தக் கணக்கு எடுபடாது.

இந்தியாவில் மூன்று அச்சு லாரி சரக்கோடு சேர்த்து 28.5 டன் வரை இருக்கலாம். அதுவும் காரும் 60 கி.மீ. வேகத்தில் நேருக்கு நேர் மோதி ஒட்டிக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். 1 டன் கார் அப்படியே பின்னுக்குத் தள்ளப்படும். முன்னே 60-இல் வந்தது பின்னே 56-இல் போகும். அதாவது அதன் வேகம் கண் இமைப்பதற்குள் சுமார் 116 கி.மீ. மாறிவிடும்; இந்த மாற்றம் கூடக் கூட உள்ளே இருப்பவருக்கு அடியும் கூடும். 2 டன் எஸ்யூவிக்கு அது 112. கூடுதலாக ஒரு டன் சுமந்தும் மிச்சம் 4 கி.மீ.தான். ஆனால் இரண்டு வண்டியும் 40-இல் வந்திருந்தால், சின்ன காருக்கே 77 ஆகக் குறைந்துவிடும். உயிரைக் காப்பது வேகக் குறைப்புதான்.

5 ஸ்டார் வாங்கிய கார் என்றால் லாரியையும் தாங்கும் என்று நினைப்பது அடுத்த தவறு. கார்களுக்கு ஸ்டார் தரும் இந்திய விபத்துச் சோதனையான பாரத் என்கேப்பில் 64 கி.மீ. வேகத்தில் நசுங்கக்கூடிய தடுப்பில் காரை மோதவிடுகிறார்கள். ஏறக்குறைய அதே எடையுள்ள இன்னொரு காரில் மோதுவதற்குச் சமம் அது. ஸ்டார் பார்த்து வாங்குங்கள், நல்லதுதான். லாரிக்கு எதிரான உத்தரவாதம் மட்டும் அதில் இல்லை.

எனக்கு மிகவும் கவலை தருவது, ராத்திரியில் ரோட்டோரம் விளக்கில்லாமல் நிற்கும் லாரிகள். பின்னால் போய் மோதும் காரின் பானெட் லாரியின் அடியில் நுழைந்துவிடும். நசுங்கி அடியை வாங்க வேண்டிய முன்பகுதிக்கு வேலையே இல்லாமல் போய், லாரியின் பின்விளிம்பு நேராகக் கண்ணாடியில், தலை மட்டத்தில் வந்து இடிக்கும். அதைத் தடுக்கத்தான் லாரிக்குப் பின்னால் குறுக்குக் கம்பி வைக்கிறார்கள். பல லாரிகளில் அது வளைந்தோ துருப்பிடித்தோ கிடக்கிறது. எனவே ராத்திரியில் ஹெட்லைட் காட்டும் தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகம் போதும். இடது ஓரத்தை ஒட்டி விரட்ட வேண்டாம்.

அப்புறம், லாரி வலது லேனை விடாததால் இடதுபக்கமாக முந்துவது. டிரைவர் வலப்பக்கம் உட்கார்ந்திருப்பதால் இடப்பக்கம்தான் அவருக்கு அதிகம் மறைவு. எத்தனை பெரிய எஸ்யூவியும் அங்கே தெரியாமல் போகலாம். முந்திய பிறகும் உடனே குறுக்கே நுழையாதீர்கள். லோடு லாரி நிற்க, காரைவிட அதிக தூரம் வேண்டும். உள்கண்ணாடியில் லாரியின் இரண்டு ஹெட்லைட்டும் முழுதாகத் தெரிந்த பிறகே லேன் மாறுங்கள், மாறியதும் பிரேக்கில் கால் வைக்காதீர்கள்.