உருளைப்புழுவின் மரபணுவை ஊட்டல் முறையில் முடக்குவது: முதல்முறை செய்பவர்களுக்கு

சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் புழு, ஒரு மரபணுவுக்குரிய இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைத் தயாரிக்கும் பாக்டீரியாவைத் தின்றால் அந்த மரபணு முடங்கும். இரட்டை இழைதான் வேலை செய்கிறது என்று ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெல்லோவும் 1998-ல் நிறுவினார்கள். 2006-ல் நோபல் பரிசு பெற்றார்கள். டைசர் நொதி அந்த இழையைச் சிறு துண்டுகளாக நறுக்கும். ஆர்கோநாட் புரதம் ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டு, அதற்குப் பொருந்தும் தூது ஆர்.என்.ஏ.வை (புரதம் செய்வதற்கான செய்தியைச் சுமப்பது) அழிக்க வழி செய்யும். மரபணு அப்படியே இருக்கும். அதன் புரதம்தான் குறையும்.

முதல் சோதனைக்கு அன்க்-22 மரபணுவை எடுங்கள். முடங்கினால் புழு துடிதுடிக்கும்; நுண்ணோக்கியில் தெளிவாகத் தெரியும்.

தட்டு: புழு வளர்க்கும் என்.ஜி.எம். அகாரை ஆட்டோகிளேவ் செய்து, 55 டிகிரிக்கு ஆறியபின் ஐ.பி.டி.ஜி. (பாக்டீரியாவை ஆர்.என்.ஏ. தயாரிக்கத் தூண்டும் பொருள்) 1 மில்லிமோலார், கார்பெனிசிலின் (பிளாஸ்மிட் இல்லாத பாக்டீரியாவைத் தடுக்கும் மருந்து) மி.லி.க்கு 25 மைக்ரோகிராம் சேருங்கள். சூட்டோடு சேர்த்தால் மருந்து கெடும்.

பாக்டீரியா: முடக்க வேண்டிய மரபணுவின் துண்டு சேர்த்த எல்4440 பிளாஸ்மிட் (சிறு வட்ட டி.என்.ஏ.) ஏற்றிய ஹெச்.டி.115 என்ற ஈ.கோலை வகையே வேண்டும். இரட்டை இழையை வெட்டும் நொதி அதில் இல்லை. ஆம்பிசிலின் மருந்து கலந்த எல்.பி. என்ற வளர்ப்புத் திரவத்தில் 37 டிகிரியில் இரவு முழுக்க வளர்த்து, 6 செ.மீ. தட்டுக்கு 100 மைக்ரோலிட்டர் விடுங்கள். திரவத்தில் டெட்ராசைக்ளின் என்ற மருந்து வேண்டாம், முடக்கம் பலவீனமாகும். தட்டை ஓர் இரவு அறையில் வைத்தால் இரட்டை இழை உருவாகும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் தட்டு காயாது. லாமினார் அறையில் (வடிகட்டிய காற்று வீசும் பெட்டி) மூடியைத் திறந்து சிறிது நேரம் உலர்த்துங்கள்.

புழு: எல்4 பருவத்துப் (முதிர்ச்சிக்கு முந்தைய கடைசி இளம்பருவம்) புழு மூன்றை விடுங்கள். வயிற்றுப்பக்க நடுவில் வெள்ளைப் பிறை தெரிந்தால் அதுதான் எல்4. அடுத்த நாள் அவற்றை இதே பாக்டீரியா உள்ள புதுத் தட்டுக்கு மாற்றி, மாற்றியதிலிருந்து மூன்றாம் நாள் குஞ்சுகளைப் பாருங்கள்.

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் பெரிய சிக்கல் வெப்பம். புழுவுக்கு 20 டிகிரி வேண்டும். 25-ஐத் தாண்டினால் முட்டை குறையும், மேலும் ஏறினால் மலடாகும். மரபணு முடங்கியதால்தான் குஞ்சு இல்லை என்று தவறாகக் குறித்துவிடுவோம். சூடு மட்டும் தரும் இன்குபேட்டர் கத்திரி வெயிலில் பயன்படாது, குளிரூட்டும் பி.ஓ.டி. இன்குபேட்டரே தேவை. காலி எல்4440 (மரபணுத் துண்டு சேர்க்காதது) ஏற்றிய பாக்டீரியா உள்ள தட்டு ஒன்று ஒப்பிட்டுப் பார்க்க எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். அதிலும் குஞ்சு இல்லையென்றால் காரணம் வெப்பமாக இருக்கலாம்.

குஞ்சுகள் துடிக்கவில்லையா? முதலில் ஐ.பி.டி.ஜி.யையும் பழைய பாக்டீரியாவையும் மாற்றுங்கள். நரம்புச் செல் மரபணுக்கள் இம்முறைக்கு எளிதில் மசியாது. அவற்றைத் தொடக்கத்தில் தொட வேண்டாம்.

நெல் வேர்முடிச்சுப் புழு பாக்டீரியாவைத் தின்பதில்லை. அதனால் ஊட்டல் முறை அதற்குப் பொருந்தாது. அதன் இளம்புழுவை, விழுங்கத் தூண்டும் ஆக்டோபமைன் கலந்த இரட்டை இழை ஆர்.என்.ஏ. கரைசலில் ஊறவைப்பது ஒரு வழி.