காமகுராவுக்குச் செல்வோர் ஒரு நிலையம் முன்னதாகவே இறங்கிவிடுங்கள்

டோக்கியோவிலிருந்து ஒரு நாள் பயணமாக, பழைய ஆலயங்கள் நிறைந்த கடலோர ஊரான காமகுராவுக்குச் செல்பவர்கள், யோகொசுகா ரயிலில் காமகுரா நிலையம் வரை போகாமல், அதற்கு முந்தைய கித்தா-காமகுராவில் இறங்கி, அங்கிருந்து ஊருக்குள் நடந்து செல்வது நல்லது.

1282இல் நிறுவப்பட்ட எங்காகுஜி ஆலயம் அந்த நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. தண்டவாளமே ஆலய வளாகத்தின் ஊடாகத்தான் செல்கிறது என்பதால், ரயிலை விட்டு இறங்கிய ஓரிரு நிமிடங்களில் உயர்ந்த தேவதாரு மரங்களுக்கு நடுவே உள்ள கற்படிகளில் ஏறத் தொடங்கிவிடலாம். அதே சாலையில் மேலே நடந்தால் 1253இல் எழுந்த கென்சோஜி ஆலயமும், அதைக் கடந்து இறங்கினால் சுருகவோகா ஹாச்சிமான் ஆலயமும், பின்னர் கடைத்தெரு வழியே காமகுரா நிலையமும் வரிசையாக வந்துவிடுகின்றன. போன வழியே திரும்ப வேண்டியதில்லை. அங்கிருந்து எனோதென் ரயிலில் ஹாசேயில் இறங்கினால், சுமார் 11 மீட்டர் உயர வெண்கலப் புத்தரையும் கடற்கரையையும் மாலைக்குள் பார்த்துவிடலாம். ஆலயங்கள் மாலை நான்கு, ஐந்து மணிக்கே மூடத் தொடங்குவதால், இப்படி மிச்சமாகும் நேரம் உண்மையிலேயே பெரிது.

சக்கர நாற்காலியிலோ குழந்தைகளைத் தள்ளுவண்டியிலோ அழைத்துச் செல்பவர்களுக்கு இந்த வழி ஏற்றதல்ல. படிகள் உண்டு, சாலையோர நடைபாதையும் பல இடங்களில் மிகக் குறுகலானது. எனோதென் பாதையின் மறுமுனையான புஜிசாவா பக்கமிருந்து வருபவர்கள் ஹாசேயில் தொடங்கி இதே வரிசையைத் தலைகீழாகப் பின்பற்றலாம்.