கேரேஜ் கதவு: மோட்டார் மேல் கை வைப்பதற்கு முன்னால்

வீட்டு கேரேஜ் கதவுகளைப் பழுது பார்ப்பது என் பிழைப்பு. புதிதாக இந்த வேலைக்கு வருகிற பையன்களும் சரி, விடுமுறை நாளில் ஏணி போட்டு ஏறித் தானே சரிசெய்யப் பார்க்கிற வீட்டுக்காரர்களும் சரி, ஒரே மாதிரியான தவறுகளைத்தான் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். தொழில் பழகிய காலத்தில் நானும் அந்த வழியாகப் போனவன் என்பதால், அடுத்து எதில் கை வைப்பார்கள் என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. ரிமோட்டில் பேட்டரி தீர்ந்தது, மோட்டார் பிளக் கழன்று கிடந்தது போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, விட்டுவிடுகிறேன். நான் பேசுவது பல பலகைகளாகக் கீல் போட்டு இணைத்து, இருபக்க டிராக்கில் ரோலர் உருள மேலே ஏறி, கூரைக்கு அடியில் படுத்துக்கொள்கிற கதவைப் பற்றி.

## கதவைத் தூக்குவது மோட்டார் என்று நினைப்பது

மற்ற தவறுகளில் பாதி இங்கிருந்துதான் முளைக்கின்றன. கதவைத் தூக்குவது ஸ்பிரிங். இரண்டு கார் அகலமுள்ள இரும்புக் கதவு சாதாரணமாக 60 முதல் 100 கிலோ வரை இருக்கும். மரக்கதவு அதற்கும் மேலே போகும். அந்த எடை முழுவதையும் கதவுக்கு மேலே தண்டில் முறுக்கி வைத்த ஸ்பிரிங்கோ, மேல் டிராக்கை ஒட்டி நீளவாக்கில் இழுபட்டு நிற்கிற ஸ்பிரிங்கோ தாங்கிக்கொள்கிறது. தராசில் இரண்டு தட்டும் சமமாக நிற்கும்போது ஒரு விரலால் தள்ளினால் போதும் இல்லையா, மோட்டார் செய்கிற வேலை அந்த விரலின் வேலைதான்.

ஸ்பிரிங் சரியாக இருந்தால் மோட்டாரைக் கழற்றிவிட்ட கதவை ஒரு கையால் தூக்கலாம். தூக்க முடியவில்லை என்றால் அந்தக் கதவில் மோட்டார் மாட்டவே கூடாது.

## கனத்துப்போன கதவுக்கு ஃபோர்ஸைக் கூட்டுவது

இதைப் பற்றிப் பேசினால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஒரு நாள் கதவு மக்கர் பண்ண ஆரம்பிக்கும். பாதி இறங்கிவிட்டுத் திரும்ப மேலே ஏறும், அல்லது தரையை விட்டு ஒரு முழம் எழும்பி நின்றுவிடும். ஏணி போட்டு ஏறிப் பார்த்தால் மோட்டார் பெட்டியில் இரண்டு சின்னத் திருகுகள் இருக்கும். ஒன்று ஏற்றத்துக்கு, மற்றது இறக்கத்துக்கு. பக்கத்தில் 'ஃபோர்ஸ்' என்று எழுதியிருக்கும். ஸ்குரூடிரைவரை வைத்துக் கொஞ்சம் கூட்டினால் கதவு ஓடிவிடும். வேலை முடிந்தது என்று இறங்கிவிடுவார்கள். சில மாதம் கழித்து மறுபடி மக்கர், மறுபடி ஏணி, மறுபடி கொஞ்சம் கூட்டல். கடைசியில் திருகு அதற்கு மேல் திரும்பாத இடத்துக்கு வந்து நிற்கும். நான் போகும்போது பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

அந்தத் திருகு மோட்டாருக்குத் தெம்பு கொடுப்பதில்லை. எவ்வளவு தடை வந்தால் 'ஏதோ மாட்டிக்கொண்டது, நிறுத்து' என்று மோட்டார் முடிவுசெய்ய வேண்டும் என்கிற வரம்பை மட்டும்தான் மாற்றுகிறது. கதவு கனத்துவிட்டது என்று மோட்டார் சொல்லிக்கொண்டிருந்தது. நீங்கள் அதன் வாயை அடைத்தீர்கள். அந்த வரம்பு காருக்காக வைத்ததும் இல்லை. இறங்குகிற கதவுக்கு அடியில் ஒரு குழந்தை இருந்தால் கதவு நின்று திரும்ப வேண்டும் என்பதற்காக வைத்தது. கதவு இறங்கி முடிக்கிற கடைசி அரை மீட்டரில் மோதும் விசை 400 நியூட்டனைத் தாண்டக் கூடாது என்கிறது ஐரோப்பியத் தரநிலையான இ.என். 12453. ஏறக்குறைய 40 கிலோ கனம் அழுத்துவது போல. கோடிவரை திருகிவைத்த மோட்டார் எதில் போய் நிற்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு கார் அகலக் கதவு. உள்ளே வெயில் தாங்கவில்லை என்று வீட்டுக்காரர் கதவின் உட்பக்கம் முழுக்க தடிமனான காப்புப் பலகைகளை ஒட்டி, வெளியே இரண்டு கோட் பெயிண்ட்டும் அடித்திருந்தார். நல்ல வேலைதான், சுத்தமாகச் செய்திருந்தார். ஆனால் கதவின் எடை கூடிவிட்டது, ஸ்பிரிங் பழைய எடைக்கே முறுக்கி இருந்தது. கதவு தயங்க ஆரம்பித்ததும் ஃபோர்ஸைக் கூட்டினார். கொஞ்ச காலம் ஓடியது. பிறகு ஒரு நாள் பட்டனை அழுத்தினால் மோட்டார் உறுமுகிறது, செயின் நகரவில்லை.

பெட்டியின் மூடியைக் கழற்றினால் உள்ளே எங்கும் வெள்ளைத் தூள் கிடக்கும். அது நைலான். செயினில் ஓடுகிற பல மாடல்களில் மோட்டாரின் இரும்புத் திருகுப்பல்லோடு ஒரு நைலான் பல்சக்கரம் பொருந்தி ஓடும். கனம் அதிகமானால் இரும்பு தேயாது, நைலான்தான் தேயும். பற்கள் சக்கரத்தின் நடுப்பகுதியில் மட்டும் அரைபட்டு, மேலும் கீழும் புதிது போலவே இருக்கும். விரலை வைத்துப் பார்த்தால் பள்ளம் தெரியும். அந்தச் சக்கரத்தைத் தனியாக மாற்றலாம், சின்னச் செலவு. ஆனால் முதலில் வந்து பார்த்த ஆள் மோட்டாரே போய்விட்டது என்று சொல்லிப் புதிது மாட்டிவிட்டுப் போயிருந்தார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

புதிய மோட்டாரில் அந்தத் திருகுகளே கிடையாது. பட்டனை அழுத்திப் பிடித்தால் கதவை ஒரு முறை ஏற்றி இறக்கி, எவ்வளவு விசை தேவை என்று தானே கற்றுக்கொள்ளும். எல்லோரும் இதை முன்னேற்றம் என்கிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கெட்டுப்போன கதவில் மாட்டிக் கற்றுக்கொடுத்தால் கெட்ட கதவைத்தான் அது சரியான கதவு என்று கற்றுக்கொள்ளும். இங்கே அதுதான் நடந்தது. புது மோட்டார் புகார் சொல்லாமல் இழுத்தது. மோட்டாரின் கை கதவின் மேல் பலகையில்தான் கோர்த்திருக்கும்; பின்னால் குறுக்குச் சட்டம் இல்லாத மெல்லிய பலகை அது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து, கடைசியில் பிராக்கெட் ஸ்குரூக்களோடு தகட்டைக் கிழித்துக்கொண்டு வந்துவிட்டது.

நான் போன போது செய்த சோதனை எந்த வீட்டிலும் செய்யக்கூடியதுதான். கதவு முழுதாக மூடியிருக்க வேண்டும். மோட்டாரிலிருந்து கதவை விடுவிக்கிற சிவப்புக் கயிற்றை இழுக்க வேண்டும். கால் விரல்களைக் கதவுக்கு அடியில் விடாமல், பலகைகள் சேரும் இடுக்கில் கை வைக்காமல், கைப்பிடியைப் பிடித்து மெதுவாக இடுப்பு உயரத்துக்குத் தூக்க வேண்டும். நல்ல கதவு அங்கேயே நிற்கும், மிஞ்சிப்போனால் ஒரு சாண் ஏறும், இறங்கும். கீழே போகப் பார்த்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, அல்லது கதவு கனத்திருக்கிறது. மேலே ஓடினால் ஸ்பிரிங் அளவுக்கு மீறி முறுக்கியிருக்கிறது. அந்த வீட்டில் இரண்டு கையாலும் முழங்கால் வரைக்குமே என்னால் கொண்டுபோக முடிந்தது. பிடியைத் தளர்த்தியதும் தரையில் திம்மென்று உட்கார்ந்தது. எடைக்குத் தகுந்த ஸ்பிரிங் ஜோடி ஒன்றை ஆரம்பத்திலேயே போட்டிருந்தால் மோட்டாரும் மேல் பலகையும் தப்பித்திருக்கும். அவர் மூன்றுக்கும் பணம் கொடுத்தார்.

இதோடு ஒட்டிய இன்னொரு குழப்பம்: கதவு ஒழுங்காகத் தரை வரை வந்து, தொட்டதும் திரும்ப மேலே ஏறுகிறது என்றால் அது ஃபோர்ஸ் சமாச்சாரமே இல்லை. 'லிமிட்', அதாவது எங்கே நிற்க வேண்டும் என்கிற அளவு, தரைக்கும் கீழே போய்விட்டது. தரையைத் தொட்ட கதவு இன்னும் இறங்கப் பார்க்கிறது, முடியவில்லை, தடை என்று நினைத்துத் திரும்புகிறது. லிமிட்டைக் கொஞ்சம் குறைத்தால் முடிந்தது. ஆனால் ஏணியில் ஏறியவர் கை எப்படியோ ஃபோர்ஸ் திருகுக்குத்தான் போகும்.

ஃபோர்ஸ் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் தடிமனுள்ள மரச்சட்டம் ஒன்றை கதவு இறங்குகிற இடத்தில் படுக்கையாக வைத்துக் கதவை மூடிப் பாருங்கள். சட்டத்தில் பட்டதும் இரண்டு நொடிக்குள் திரும்ப மேலே ஏற வேண்டும். ஏறாமல் அமுக்கிக்கொண்டு நின்றால் சரிசெய்யும் வரை மோட்டாரைப் பயன்படுத்தாதீர்கள். மாதம் ஒரு தடவை இதைச் செய்யலாம்.

## ஸ்பிரிங்கை நீங்களே முறுக்குவது

வேண்டாம்.

ஒரு வரி கூடுதலாகச் சொல்கிறேன், ஏனென்றால் கேட்கமாட்டார்கள். 7 அடி உயரக் கதவுக்கு மேல் ஸ்பிரிங்கை ஏறக்குறைய ஏழரைச் சுற்று முறுக்கியிருக்கும். கால் சுற்றாகக் கணக்குப் போட்டால் 30 தடவை, ஒவ்வொரு தடவையும் கதவின் எடையைக் கையில் பிடித்திருக்கிறீர்கள். அதற்கென்று துளைக்குக் கச்சிதமாகப் பொருந்துகிற இரும்புக் கம்பிகள் இரண்டு உண்டு. ஸ்குரூடிரைவரைச் செருகி முறுக்கப் பார்த்த ஒருவரின் முன்கையில் தழும்பைப் பார்த்திருக்கிறேன். அது வழுக்கியபோது கையோடு போயிற்று என்பதுதான் அவர் அதிர்ஷ்டம், முகம் பக்கத்தில்தான் இருந்திருக்கிறது.

ஸ்பிரிங்கின் இழுவையைக் கதவுக்குக் கொண்டுவருகிற கேபிளைக் கதவின் கீழ் மூலையில் மாட்டியிருக்கிற பிராக்கெட்டும் இதே ரகம். கதவு மூடியிருக்கும்போது முழு இழுவிசையும் அந்த இரண்டு மூலைகளில்தான். அங்கே போல்ட் லேசாக ஆடுகிறதே என்று ஸ்பானரோடு உட்காராதீர்கள். கீல்களின் போல்ட்டுகளை வேண்டுமானால் வருடத்துக்கு ஒரு முறை இறுக்கலாம். அதிர்வில் அவை தளரத்தான் செய்யும். தகடு பிய்கிற அளவுக்கு இறுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

## உடைந்த ஒன்றை மட்டும் மாற்றுவது

சாதாரண ஸ்பிரிங் 10,000 தடவை திறந்து மூடுவதற்கு என்று செய்யப்படுகிறது. நாளைக்கு நான்கு தடவை என்றால் ஏழு வருடத்துக்குப் பக்கத்தில் வரும். ஜோடியாகப் போட்ட இரண்டு ஸ்பிரிங்கும் ஒரே நாளில் மாட்டியவை, ஒரே அளவு உழைத்தவை. ஒன்று போனால் மற்றதும் கிளம்பத் தயாராகத்தான் இருக்கும். இரண்டையும் மாற்றுங்கள்.

உடைந்ததை அடையாளம் காண்பது சுலபம். வெடி வெடித்த மாதிரி ஒரு சத்தம் கேட்டிருக்கும். அண்ணாந்து பார்த்தால் சுருளின் நடுவே சில விரல்கட்டை அகலத்துக்கு இடைவெளி தெரியும். அதற்கப்புறமும் பட்டனை அழுத்தி 'ஒரு தடவை மட்டும் ஏறிவிடுமா' என்று பார்க்க வேண்டாம். நீளவாக்கில் இழுபடுகிற வகை ஸ்பிரிங் என்றால் அதன் உள்ளே ஒரு காப்புக் கம்பி ஓடுகிறதா என்று இன்றே பாருங்கள். அது இல்லாமல் அறுந்தால் ஸ்பிரிங் காரையோ ஆளையோ தேடிக்கொண்டு போகும்.

## டிராக்கில் கிரீஸ் பூசுவது

சத்தம் வந்தால் கிரீஸ் டப்பாவை எடுத்து டிராக் முழுக்க அப்பிவிடுகிறார்கள். ரோலர் டிராக்கில் உருள வேண்டும், வழுக்க வேண்டியதில்லை. கிரீஸில் தூசி சேர்ந்து பசையாகி, கொஞ்ச நாளில் ரோலர் உருளாமல் இழுபட ஆரம்பிக்கும். டிராக்கைத் துணியால் துடைத்துச் சுத்தமாக வைத்தால் போதும். எண்ணெய் போக வேண்டிய இடங்கள் வேறு: கீல்கள், இரும்பு ரோலரின் பேரிங், தண்டின் இருமுனை பேரிங், ஸ்பிரிங் சுருளின் மேல் ஒரு மெல்லிய பூச்சு. சுருளில் துரு ஏறினால் ஆயுள் குறையும். சிலிக்கான் ஸ்பிரே அல்லது வெள்ளை லித்தியம் கிரீஸ் இரண்டில் எதுவும் சரி. துரு இளக்குகிற ஸ்பிரே, எண்ணெய்க்குப் பதிலி ஆகாது. இருக்கிற கிரீஸையும் கழுவிக்கொண்டு போய்விட்டு அடுத்த மாதம் முன்னைவிட அதிகமாகக் கத்த வைக்கும்.

## சென்சாரை ஏமாற்றுவது

கதவின் இருபக்கமும் தரைக்கு அருகில், 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு மிகாமல் ஒன்றையொன்று பார்த்து நிற்கிற அந்த இரண்டு சின்னக் கண்கள்தான் சென்சார்; நடுவே ஏதாவது குறுக்கிட்டால் இறங்குகிற கதவைத் திருப்பிவிடும். அமெரிக்காவில் 1993-க்குப் பிறகு தயாரான எல்லா வீட்டு மோட்டார்களிலும் இதுவோ, இதற்கு இணையான வேறொரு பாதுகாப்போ இருந்தாக வேண்டும் என்பது சட்டம். குழந்தைகள் கதவுக்கு அடியில் சிக்கி இறந்ததால் வந்த சட்டம். இதையும் மீறி, அந்தக் கண்களைக் கழற்றி எதிரெதிரே வைத்து டேப் சுற்றி, கூரையோரம் ஒட்டிவைத்திருப்பதை அவ்வப்போது பார்க்கிறேன். 'தொல்லை கொடுத்தது, அதனால்தான்' என்பார்கள்.

தொல்லைக்குக் காரணம் பெரும்பாலும் சிலந்தி வலை, தூசி, அல்லது துடைப்பம் இடித்துக் கோணிப்போன பிராக்கெட். துடைத்துவிட்டு, சென்சாரில் இருக்கிற சின்ன விளக்கு மினுக்காமல் நிலையாக எரிகிற வரை கையால் நேராக்குங்கள். குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் மக்கர் என்றால் சாயங்கால வெயில் நேராகக் கண்ணில் விழுகிறதா என்று பாருங்கள். இரண்டு கண்ணையும் பக்கம் மாற்றிப் போட்டால் சில சமயம் அதுவே போதும். சுவர் பட்டனை அழுத்திப் பிடித்தால் மட்டும் கதவு மூடுகிறது என்றால் கதவு சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. சென்சாரை ஒதுக்கிவிட்டு மூடுகிறீர்கள். கதவு முழுக்க இறங்கும் வரை அங்கேயே நின்று பாருங்கள்.

## தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு ரிமோட்டை அழுத்துவது

மோட்டார் மாட்டிய அன்றே தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள்.

## கதவு திறந்திருக்கும்போது சிவப்புக் கயிற்றை இழுப்பது

கரண்ட் போய்விட்டது, கதவு மேலே நிற்கிறது, பூட்டிவிட்டுக் கிளம்ப வேண்டும். கை தானாகக் கயிற்றுக்குப் போகும். ஸ்பிரிங் நன்றாக இருந்தால் ஒன்றும் ஆகாது. ஸ்பிரிங் உடைந்திருந்து மோட்டார் மட்டுமே கதவைப் பிடித்துக்கொண்டிருந்தால், இழுத்த அந்த நொடியில் மொத்த எடையும் கீழே வரும். அதனால் முதலில் டார்ச் அடித்து ஸ்பிரிங்கில் இடைவெளி இருக்கிறதா, கேபிள் தொய்ந்து தொங்குகிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று இருந்தாலும் கயிற்றைத் தொட வேண்டாம். காரை அடியிலிருந்து எடுக்க வேண்டாம், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள், வீட்டுக்குள் போகிற உள்கதவைப் பூட்டிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். இரண்டும் சரியாக இருந்தால், ஒருவர் கதவைக் கையில் தாங்கிக்கொள்ள இன்னொருவர் கயிற்றை இழுக்கட்டும்.