பிரேக் தாமதமும் 15ஆவது காலும்

என் ரேசிங் சிமுலேட்டரில் பிரேக் பெடலின் நகர்வை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டர் தேய்ந்து, கால் வைக்காமலே பிரேக் பிடிக்க ஆரம்பித்தது. அதைக் கழற்றிவிட்டு லோட் செல் என்ற அழுத்த உணரியை மாட்டினேன். எவ்வளவு தூரம் மிதிக்கிறோம் என்பதல்ல, எவ்வளவு அழுத்துகிறோம் என்பதுதான் இதில் கணக்கு.

ஆனால் மான்சா ரேஸ் டிராக்கின் முதல் வளைவில் ஒவ்வொரு முறையும் பிரேக் லேட்டாக விழ, கார் நேராக ஓடியது. இரண்டு நாள் என் காலையே திட்டினேன். சிக்கல், லோட் செல்லின் சிக்னலை எண்ணாக மாற்றும் எச்எக்ஸ்711 சிப்பில்! அந்தச் சிப் இருந்த போர்டில் அது விநாடிக்கு 10 முறைதான் அளக்கும். அதன் 15ஆவது காலை, அதாவது அளக்கும் வேகத்தைத் தீர்மானிக்கும் பின்னை (இதுவும் கால்தான்) மெல்ல நெம்பித் தூக்கி, பக்கத்து 16ஆவது காலோடு சால்டர் வைத்தேன். அரிசிமணியைவிடச் சின்னது, கை நடுங்கியது. இப்போது விநாடிக்கு 80. அளவில் லேசான துள்ளல் கூடியது. டெட்சோனை (கணக்கில் எடுக்காமல் விடும் லேசான அழுத்தத்தை) 2 சதவீதம் வைத்ததும் அடங்கிவிட்டது.