கும்பாபிஷேக நேரலை நடுவில் நிற்காமல் இருக்க

காங்கேயம் பக்கம் ஒரு கிராமத்துக் கோயில் கும்பாபிஷேகம். காலையில் சோதித்தபோது மொபைல் நெட் நன்றாகத்தான் ஓடியது. கலசத்தில் தீர்த்தம் ஊற்றும் நேரம் கூட்டம் மொத்தமும் போனைத் தூக்க, எங்கள் படம் அப்படியே நின்றுவிட்டது. வெளிநாட்டில் காத்திருந்த பிள்ளைகளை நினைத்தால் இன்றும் மனசு கேட்கவில்லை.

அதனால் கோயிலுக்குப் பக்கத்து வீட்டில் ஃபைபர் இருந்தால் கேட்டு, லேன் கேபிளே இழுத்துவிடுங்கள். ரூட்டருக்கும் யுபிஎஸ் வேண்டும். அப்லோடு வேகத்தில் பாதிக்கு மேல் பிட்ரேட் (விநாடிக்கு அனுப்பும் வீடியோ டேட்டாவின் அளவு) வைக்காதீர்கள். 6 எம்பிபிஎஸ் வந்தால் 720பி-க்கு 3 போதும். கீஃபிரேம் (முழுப் படமாகப் போகும் ஃபிரேம்) 2 விநாடிக்கு ஒன்று.

அடுத்து, வீடியோவை சர்வருக்கு அனுப்பும் முறை. நல்ல ஃபைபர் என்றால் ஆர்டிஎம்பி (RTMP) சரி. மொபைல் நெட் மட்டும்தான் என்றால் எஸ்ஆர்டி (SRT). ஆர்டிஎம்பி டிசிபி (எல்லாம் வரிசையாக வந்து சேர்வதை உறுதி செய்யும் இணைய முறை) மேல் ஓடுவது. ஒரு பாக்கெட் (டேட்டா துண்டு) தொலைந்தால் அது வரும்வரை பின்னால் உள்ளவை எல்லாம் காத்துக் கிடக்கும். எஸ்ஆர்டி யுடிபி (வந்து சேர்ந்ததா என்று பார்க்காமல் அனுப்பும் முறை) மேல் ஓடும். தொலைந்ததை மட்டும் திரும்பக் கேட்கும், குறித்த நேரத்துக்குள் வராவிட்டால் விட்டுவிட்டு நகரும். அந்த நேரம்தான் லேட்டன்சி. பிங் (டேட்டா சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம்) 80 மில்லிவிநாடி என்றால் குறைந்தது 320 வையுங்கள். கோயில் விழாவுக்கு 2 விநாடிகூட வைக்கலாம், யாருக்கும் நஷ்டமில்லை. ஓபிஎஸ் (நேரலை அனுப்பும் மென்பொருள்) உள்ளே எஸ்ஆர்டி முகவரியில் இதை மைக்ரோவிநாடியில் எழுதணும், அதாவது 2000000. பலர் 2000 என்று போட்டுவிட்டு எஸ்ஆர்டியைக் குறை சொல்கிறார்கள்.

அப்புறம், சிம் நெட்டுக்கு வெளியிலிருந்து நேராக இணைப்பு வராது. அதனால் எஸ்ஆர்டியில் களத்தில் காலர் (இணைப்பைத் தொடங்கும் பக்கம்), கிளவுட் சர்வரில் லிசனர் (இணைப்புக்குக் காத்திருக்கும் பக்கம்) என்று வையுங்கள். அங்கிருந்து யூடியூபுக்கு ஆர்டிஎம்பியாக அனுப்பிக்கொள்ளலாம்.